‘மட்டும்’ என்ற ஒரு சொல்: அரசுப் பணியில் பெண்களின் சமவுரிமையும் திருச்சபையின் சாட்சியும்

முன்னுரை

திருமண ஆயத்த வகுப்புகளை நடத்தும் ஆயர் எவருக்கும் பழக்கமான வினா ஒன்று உண்டு. மணமகள் அரசுப் பள்ளியில் ஆசிரியையாகவோ, அரசு மருத்துவமனையில் செவிலியராகவோ, வேறோர் அலுவலகத்தில் எழுத்தராகவோ பணிபுரிகிறாள். திருமணத்திற்குப் பின் அவள் வேலையைத் தொடரலாமா, விட்டுவிட வேண்டுமா என்று இரு வீட்டாரும் கேட்கின்றனர். மணமகனின் வேலையைப் பற்றி இந்த வினா எழுவதில்லை. எவரும் கெட்ட எண்ணத்துடன் கேட்பதில்லை. எனினும் ஆணுக்குத் திருமணம் வாழ்வின் ஒரு நிகழ்ச்சி, பெண்ணுக்கோ அது அவளுடைய பணிக்கு வரும் சோதனை என்னும் எண்ணம் அதனுள் புதைந்து கிடக்கிறது.

இதே எண்ணம் ஒரு காலத்தில் நம் நாட்டு அரசுப் பணி விதிகளில் எழுத்து வடிவிலேயே இருந்தது. அரசியல் சாசனம் பெண்ணுக்குச் சமவாய்ப்பை வாக்களித்த பின்னரும் அது பல்லாண்டுகள் நிலைத்திருந்தது. அது எவ்வாறு நிலைத்தது, எவ்வாறு படிப்படியாக அகற்றப்பட்டது என்பதை விளக்குவதும், அவ்வரலாறு திருச்சபையின் ஊழியர்களாகிய நம்மிடம் எதனைக் கேட்கிறது என்று சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சாசனம் கூறுவது

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம், அரசுப் பதவிகளுக்குப் பெண் என்பது தகுதியின்மை ஆகாது என்று 275ஆம் பிரிவில் கூறிற்று. ஆனால் ஆட்சியாளர் ஆணையிட்டுக் குறிக்கும் பதவிகளுக்கு இது பொருந்தாது என்று அப்பிரிவே விலக்கும் அளித்தது. ஒரு கையால் தந்ததை மறுகையால் எடுத்துக்கொள்ளும் வழி அது.

1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் இதனின்று வேறுபட்டது. அதன் 14ஆம் பிரிவு அனைவரையும் சட்டத்தின்முன் சமமாக நிறுத்துகிறது. 15ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு அரசு எந்தக் குடிமகனுக்கும் எதிராக வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது. அரசு வேலையைப் பற்றித் தனியாகப் பேசுவது 16ஆம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவு சமவாய்ப்பை உறுதி செய்கிறது. இரண்டாம் உட்பிரிவு பால் முதலிய காரணங்களை மட்டும் கொண்டு எவரையும் அரசுப் பதவிக்குத் தகுதியற்றவராக்குவதையும், அப்பதவியில் அவரிடம் வேற்றுமை காட்டுவதையும் தடுக்கிறது. நடுவண் அரசு, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள், அரசின் கருவிகளாக இயங்கும் நிறுவனங்கள் ஆகியவை அனைத்தும் இதற்குக் கட்டுப்பட்டவை.

இப்பிரிவுகளை வாசிப்போர் ‘மட்டும்’ என்னும் சொல்லைக் கவனியாது கடந்துவிடலாம். ஆனால் பெண்களின் அரசுப் பணி உரிமை பற்றிய வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது. “பெண் என்பதற்காக மட்டும் நாங்கள் இவளை விலக்கவில்லை, பெண்ணாயிருந்து மணம் புரிந்ததற்காக விலக்குகிறோம், பெண்ணாயிருந்து கருவுற்றதற்காக விலக்குகிறோம்” என்று அதிகாரம் வாதாடினால் நீதிமன்றம் என்ன சொல்லும்? மணமும் மகப்பேறும் பெண்மையோடு பிணைந்தவை. அவற்றைப் பெண்மையினின்று பிரித்து வேறொரு காரணம்போல் காட்ட இயலுமானால், சாசனம் தந்த பாதுகாப்பு வெறும் எழுத்தாகவே நின்றுவிடும்.

2. திருமணம் என்னும் தடை

விடுதலை பெற்ற இந்தியாவில் 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் பெண் அன்னா ராஜம் ஜார்ஜ், கேரளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலப் பிரிவில் சேர்ந்து ஓசூரில் துணை ஆட்சியராகப் பணியாற்றியவர். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்னும் நிபந்தனை அவருடைய நியமன ஆணையில் இருந்தது. சாசனம் நடைமுறைக்கு வந்து ஓராண்டிற்கு மேல் கடந்திருந்த காலம் அது. அவ்விதி பின்னர் நீக்கப்பட்டது.

அவருக்கு முன்பே, 1949இல், இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர் சி. பி. முத்தம்மா. குடகு நாட்டில் பிறந்த அவர் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். மணம் புரிந்தால் பணி துறப்பதாக எழுதிக் கொடுத்த பின்னரே அவர் பணியில் சேர நேர்ந்தது. 1961ஆம் ஆண்டின் வெளியுறவுப் பணி விதிகள் இதனை இன்னும் உறுதிப்படுத்தின. பெண் அலுவலர் மணம் புரிவதற்குமுன் அரசின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும். மணம் புரிந்த பின் குடும்பப் பொறுப்புகள் அவருடைய கடமைக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். மணமான பெண் எவரும் இப்பணியில் நியமனம் பெறுவதைத் தம் உரிமையாகக் கோர இயலாது. ஆண் அலுவலருக்கு இத்தகைய விதி எதுவும் இல்லை.

முத்தம்மா 1970இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். எனினும் மேல்நிலைப் பதவி உயர்வு தமக்கு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. விதிகளுள் ஒன்றை நீக்கிவிட்டதாகவும் மற்றதை நீக்கவிருப்பதாகவும் தெரிவித்தது. ஆகவே 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆயினும் தீர்ப்பை எழுதிய நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அத்துடன் நிறுத்தவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் கடமைக்கு இடையூறாகுமெனில் அதே இடையூறு ஆணுக்கும் நேரலாமே என்று கேட்டு, இவ்விதிகள் பெண்ணுக்கு எதிரான வேற்றுமையை வெளிப்படையாகக் காட்டுகின்றன என்று கடிந்துரைத்தார். பணிமூப்பில் அவருக்கு நேர்ந்த இழப்பை மறுஆய்வு செய்யுமாறும் அரசுக்குக் கூறினார்.

இரண்டாண்டுகள் கழித்து, 1981 ஆகஸ்டில், அந்நாளில் அரசுடைமையாயிருந்த ஏர் இந்தியா நிறுவனத்தின் விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. முப்பத்தைந்து வயது, பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம், முதல் கருவுறுதல் ஆகிய மூன்றில் எது முந்தி நிகழ்கிறதோ அன்றே அப்பெண்ணின் பணி முடிவுறும் என்பது அந்நிறுவனத்தின் விதி. கருவுற்றதற்காக வேலையிலிருந்து நீக்குவது இந்தியப் பெண்மைக்கே இழைக்கப்படும் அவமதிப்பு எனக் கண்டித்து நீதிமன்றம் அப்பகுதியை நீக்கிற்று. வயது வரம்புக்குப்பின் பணியை நீட்டிப்பது மேலாண்மை இயக்குநரின் விருப்பத்தைச் சார்ந்தது என்ற பகுதியும் நீக்கப்பட்டது. ஆனால் நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரியலாகாது என்ற விதியை, குடும்பநலத்திற்கும் உடல்நலத்திற்கும் உகந்தது எனக் கூறி நிலைநிறுத்தியது. இங்கேதான் ‘மட்டும்’ என்னும் சொல் தன் வேலையைச் செய்தது. பாலினத்தை மட்டும் காரணமாகக் கொண்ட வேற்றுமையைத்தான் சாசனம் தடுக்கிறது, பாலினத்தோடு வேறு காரணங்களும் சேர்ந்தால் தடையில்லை என்று அத்தீர்ப்பு விளக்கியது. ஒரு கதவு திறந்தது. மற்றொன்று அடைபட்டே இருந்தது.

3. தாய்மை தண்டனைக்குரியதா?

இதனை அடுத்து நீதிமன்றங்களின் முன் வந்தவை பெரும்பாலும் தாய்மையைப் பற்றிய வழக்குகள். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் சேர விரும்பிய பெண்களிடம் மாதவிலக்கு, கருவுறுதல் ஆகியவை பற்றிய விவரங்களை உறுதிமொழிப் படிவம் ஒன்று கேட்டது. அவ்விவரத்தை மறைத்ததாகக் கூறிப் பணிநீக்கம் செய்யப்பட்ட பெண்ணின் வழக்கில், நாணமும் தன்மதிப்பும் உள்ள எந்தப் பெண்ணும் விடையளிக்கக் கூசும் கேள்விகள் இவை என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறி, அவற்றை நீக்கப் பணித்தது.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடர்பான தீர்ப்பு வந்தது. வெயிலில் சாலை அமைக்கும் வேலையும் மண்வெட்டும் வேலையும் செய்த இப்பெண்களுக்கு, நிரந்தரப் பணியாளர் அல்லர் என்ற காரணத்தால் மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டிருந்தது. நியாயமான பணிச்சூழலுக்கும் மகப்பேற்று உதவிக்கும் அரசு வகைசெய்ய வேண்டும் என்னும் சாசனத்தின் 42ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, அவ்வுரிமை அவர்களுக்கும் உண்டு என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூதரின் வழக்கைக் காட்டிலும் இந்தக் கூலிப்பெண்களின் வழக்கு நம் சபைகளின் வாழ்வுக்கு அண்மையில் நிற்கிறது என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கு 2025 மே மாதம் முடிவுற்றது. முதல் மணத்தில் இரு குழந்தைகளைப் பெற்று, பின்னரே பணியில் சேர்ந்து, மணமுறிவுக்குப்பின் மறுமணம் புரிந்து கருவுற்ற அவருக்கு, இரு குழந்தைகளுக்கு மேல் மகப்பேறு விடுப்பு இல்லை என்ற விதியைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்டது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு நோக்கமும் தாய்மை உரிமையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியவையல்ல என்று கூறி உச்ச நீதிமன்றம் விடுப்பை வழங்கிற்று.

4. பாதுகாப்பு என்னும் பெயரால்

பெண்ணை விலக்குவோர் எப்போதும் பகையுணர்வுடன் விலக்குவதில்லை. “அவளுடைய நன்மைக்காகவே” என்று சொல்லி விலக்குவதும் உண்டு. மதுபானம் பரிமாறும் இடங்களில் பெண்களைப் பணியமர்த்தத் தடைவிதித்த பஞ்சாப் கலால் சட்டம் அத்தகையது. அது பற்றிய வழக்கில் 2007 டிசம்பரில் வழங்கப்பட்ட தீர்ப்பு, பெண்ணுக்கு ஆபத்து உண்டெனில் அவ்விடத்தைப் பாதுகாப்பானதாக்குவதே அரசின் கடமை, அவளுடைய வாய்ப்பைப் பறிப்பதன்று எனத் தெளிவாக்கியது. இது தனியார் விடுதிகளைப் பற்றிய வழக்காயினும், பெண்ணைக் காப்பதாகச் சொல்லும் எந்தச் சட்டத்தையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லாயிற்று.

2018இல் வேறொரு பொருள் பற்றிய வழக்கில், நீதியரசர் சந்திரசூட் தம் தனித்தீர்ப்பில் ஏர் இந்தியா வழக்கின் ‘மட்டும்’ பற்றிய விளக்கத்தை ஏற்க மறுத்தார். பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்னும் வழக்கமான எண்ணங்களை அடிப்படையாகக் கொண்ட வேற்றுமையும் பாலின வேற்றுமையே என்பது அவர் கருத்து. 2020 பிப்ரவரியில் இராணுவப் பெண் அதிகாரிகளின் வழக்கில் இது கனிந்தது. பெண்களின் உடலமைப்பு, தாய்மை, இல்லப் பொறுப்பு ஆகியவற்றையும், நாட்டுப்புறத்திலிருந்து வரும் படைவீரர்கள் பெண்ணின் தலைமையை ஏற்கமாட்டார்கள் என்பதையும் காட்டி அரசு அவர்களுக்கு நிரந்தரப் பணியை மறுத்தது. பிறருடைய தப்பெண்ணத்தைக் காரணமாக்கி ஒருவரின் உரிமையை மறுக்க இயலாது என்று கூறி, அவர்களையும் நிரந்தரப் பணிக்குக் கருதுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆயினும் ஓராண்டிற்குள் அவர்களுள் பலர் மீண்டும் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. ஆண் அதிகாரிகளுக்கு இளவயதில் செய்யப்பட்ட உடற்தகுதிச் சோதனை, இப்பெண்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து அதே அளவுகோலால் செய்யப்பட்டது. நிரந்தரப் பணி இல்லை என்றிருந்த காலத்தில் அக்கறையின்றி எழுதப்பட்ட அவர்களுடைய பணி அறிக்கைகளே அவர்களை மதிப்பிடவும் பயன்பட்டன. விதி எல்லாருக்கும் பொதுவானதாகத் தோன்றினாலும் அதன் விளைவு ஒரு சாராரை அழுத்துமாயின் அது மறைமுக வேற்றுமையாகும் என்று 2021 மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாசனம் பாராட்டும் சமத்துவம் சொல்லளவில் நில்லாது வாழ்விலும் நிகழவேண்டிய சமத்துவம் என்பது இதனால் விளங்கிற்று.

1988இல் மணம் புரிந்ததற்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட இராணுவச் செவிலிய அதிகாரி ஒருவருக்கு 2024 பிப்ரவரியில்தான் முழு நீதி கிடைத்தது. அவரை விலக்கிய விதி பெண்களுக்கு மட்டுமே உரியது. 1995இல் அது திரும்பப் பெறப்பட்டது. மணம் புரிந்ததற்காகப் பெண்ணைப் பணிநீக்கம் செய்வது அப்பட்டமான பாலின வேற்றுமை எனக் கூறி, அவருக்கு 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. முத்தம்மாவின் வழக்கில் கேட்கப்பட்ட வினாவுக்கு முழு விடை வர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

5. சிறப்பு ஏற்பாடு சமத்துவத்திற்கு முரணானதா?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 15ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கூறுகிறது. அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு முன்னுரிமை அளித்த ஆந்திரப் பிரதேச விதியை 1995இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, இந்த உட்பிரிவு வேலைவாய்ப்பையும் தழுவும் என்று விளக்கிற்று. நூற்றாண்டுக் கணக்கில் பின்தள்ளப்பட்டவரை ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது சமவாய்ப்பாகாது என்பதே இதன் கருத்து. தமிழ்நாடு 1989இலேயே அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கியது. 2021இல் அதனை 40 விழுக்காடாக உயர்த்துவதாக அறிவித்தது.

6. திருமறை காட்டும் வழி

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில், மோசேக்கும் ஆசாரியனாகிய எலெயாசாருக்கும் தலைவர்களுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நிற்கின்றனர். ஆண்மக்கள் இல்லாத தங்கள் தந்தையின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், தங்களுக்குக் காணியாட்சி ஏன் இல்லை என்பது அவர்கள் வழக்கு. மோசே தாமே முடிவு கூறாமல் அதனை ஆண்டவரிடம் கொண்டு செல்கிறார். அவர்கள் கேட்பது நியாயமே என்னும் விடை வருகிறது, விதி திருத்தப்படுகிறது. முறையிடும் பெண்ணின் குரலை இறைவன் கலகமாகக் கருதவில்லை. தம் நீதியைத் தெளிவாக்கும் வாயிலாகக் கொள்கிறார்.

இவ்வரலாறு இத்துடன் முடிவதில்லை. 36ஆம் அதிகாரத்தில் அக்குலத்தின் தலைவர்கள் வருகின்றனர். இப்பெண்கள் வேறு கோத்திரத்தில் மணம் புரிந்தால் நிலம் கைமாறுமே என்பது அவர்கள் கவலை. அதன் விளைவாக, தங்கள் கோத்திரத்திற்குள்ளேயே மணம் புரிய வேண்டும் என்ற வரம்பு விதிக்கப்படுகிறது. கோத்திரங்களின் நிலம் காப்பதற்குரிய ஏற்பாடு அது என்பது உண்மையே. எனினும் பெண்ணுக்கு ஓர் உரிமை கிடைத்தவுடன் அவளுடைய திருமணமே அடுத்த வினாவாக எழுவதை நாம் காணாமலிருக்க இயலாது. மேலும் யோசுவா 17ஆம் அதிகாரத்தில், நிலம் பங்கிடப்படும் நாளில், அவர்கள் மீண்டும் வந்து தங்களுக்கு அளிக்கப்பட்ட கட்டளையை நினைவூட்டிய பின்னரே பங்கைப் பெறுகின்றனர். தீர்ப்பு பெற்ற பின்னும் மறுபடி வாசலில் நிற்க நேர்ந்த பெண் அதிகாரிகளின் வரலாறும் இதுவே.

புதிய ஏற்பாட்டில், கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தின் இறுதியில் ஆணும் பெண்ணும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்று பவுல் கூறுவது ஆவிக்குரிய நிலையைப் பற்றியது மட்டுமே என்று சிலர் உரைப்பர். இங்கும் ‘மட்டும்’ என்னும் சொல் நுழைந்துவிடுவதைக் காண்க. ஆனால் அதே வசனத்தில் யூதன், கிரேக்கன் என்னும் வேற்றுமையும் அகற்றப்படுகிறது. அவ்வேற்றுமை பந்தியில் நுழைந்தபோது பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததை அதே நிருபத்தின் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. அவருக்கு ஒருமைப்பாடு ஆவியில் மட்டும் நின்றுவிடும் ஒன்றன்று. ரோமர் 16இல் கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்கு அவர் வழங்கும் கிரேக்கச் சொல்லும், 1 கொரிந்தியர் 3இல் தமக்கும் அப்பொல்லோவுக்கும் வழங்கும் சொல்லும் ஒன்றே என்பதை இறையியல் மாணவர் அறிவர்.

7. திருச்சபையின் பொறுப்பு

சாசனத்தின் 16ஆம் பிரிவு திருச்சபையின் பதவிகளைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. அது அரசுப் பதவிகளுக்கு உரியது. சமய விவகாரங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை 26ஆம் பிரிவு நமக்கு அளிக்கிறது. ஆயினும் 16ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவைக் கவனிப்பது நன்று. சமய நிறுவனம் ஒன்றின் அலுவல் தொடர்பான பதவியில் அச்சமயத்தைச் சார்ந்தவரே இருக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றலாம் என்று அது விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு சமயத்தைப் பற்றியது, பாலினத்தைப் பற்றியதன்று. சாசனத்தை வகுத்தவர்கள் சமய நிறுவனங்களை நினைத்து எழுதிய அவ்விடத்திலும் பெண்ணை விலக்கும் உரிமையைச் சேர்க்கவில்லை.

சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது நமக்கு ஆறுதலாகிவிடலாகாது. கிறிஸ்தவப் பெண்கல்வி நிறுவனங்களிற் பயின்றவர்களே அரசுப் பணியின் கதவைத் தட்டிய முதற்பெண்களுள் இருந்தனர். அக்கல்வியை அளித்த திருச்சபை, அதே பெண்ணிடம் தன் ஊழிய நேர்காணலில் எதனைக் கேட்கிறது? இறையியல் பட்டம் பெற்றவளிடம், திருமணம் எப்போது, கணவர் எவ்வூரார், மாற்றல் வந்தால் உடன் வருவாரா என்று கேட்டு, ஆண் மாணவரிடம் அவற்றைக் கேளாதிருப்பின், 1961ஆம் ஆண்டின் வெளியுறவுப் பணி விதிகள் எழுதப்படாத வடிவில் நம்மிடையே வாழ்கின்றன என்றே பொருள். தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியால் பேராயராக அருட்பொழிவு செய்தது போற்றற்குரியது. ஆயினும் ஒருவரை உயர்ந்த இருக்கையில் அமர்த்துவதும் பலருக்கு வாசலைத் திறப்பதும் ஒன்றல்ல.

நம்மைக் கட்டாயமாகவே கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும் உண்டு. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் தொல்லையைச் சமத்துவ உரிமைக்கு எதிரான மீறலாக அறிவித்தது. அதன்வழி வந்த 2013ஆம் ஆண்டின் சட்டம் அறக்கட்டளைகள், சங்கங்கள், கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள் அனைத்தையும் தழுவுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், மூத்த பெண் ஊழியர் ஒருவரின் தலைமையில், வெளியார் ஒருவரையும் கொண்டு உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். நம் திருமண்டலப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அக்குழு இருக்கிறதா, அதில் உள்ளோர் யார் என்பது ஊழியர்களுக்குத் தெரியுமா என்று விசாரிப்பது ஆயரின் கடமைகளுள் ஒன்றாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று வழிகள் நமக்குப் புலனாகின்றன. முதலாவது, அரசுப் பணியிலுள்ள சபைப் பெண்கள் தங்கள் உரிமையை அறியச் செய்வது. மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்ட இளந்தாய்க்கு ஆயரின் செபத்தோடு, வழக்கறிஞர் ஒருவரிடம் அவளை அழைத்துச் செல்லும் துணையும் தேவை. இரண்டாவது, திருமண ஆயத்த வகுப்பில் வேலை பற்றிய வினாவை மணமக்கள் இருவரிடமும் ஒரேபோல் கேட்பது. இல்லப் பொறுப்பு இருவருக்கும் உரியது என்று போதிக்காமல் பெண்ணின் பணியுரிமையைப் பற்றிப் பேசுவது பயன் தராது. மூன்றாவது, நம் சபை விதிகளையும் நேர்காணல் வழக்கங்களையும் எடுத்து, “இவ்விதி ஓர் ஆணுக்கும் இவ்வாறே பொருந்துமா?” என்று கிருஷ்ணய்யர் அன்று கேட்ட அதே வினாவால் சோதித்துப் பார்ப்பது.

நாட்டின் நீதிமன்றம் ஒரு சொல்லின் பின்னே மறைந்திருந்த அநீதியைக் காண நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஐந்து சகோதரிகளின் வழக்கில், அவர்கள் கேட்பது நியாயமே என்ற விடையை உடனே பெற்ற மக்கள் நாம். இன்றும் நம் கூடாரவாசலில் நிற்போர் உண்டு. மோசேயைப்போல் அவர்கள் வழக்கை ஆண்டவர் சமுகத்திற்கு எடுத்துச் செல்வது நம் ஊழியம். அங்கிருந்து வரும் தீர்ப்பின்படி நம் விதிகளைத் திருத்துவதும் அந்த ஊழியத்தின் பகுதியே.